முன்பனியில் ஓவேலியிலிருந்து கடலுக்கு

‘ஓவேலி’ என்னும் பெயரை முதன்முறை கேட்கும் தமிழ் மாணவர் எவரும் அதைப் பிரித்துப் பார்க்கவே முற்படுவர். வேலி என்பது காவலைக் குறிக்கும். இருபது மா கொண்ட நில அளவையும் குறிக்கும். ‘ஓ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு மதகுநீர் தாங்கும் பலகை என்று பொருள். கூடலூர்ப் பக்கம் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் நாமும் இவ்விரண்டையும் கூட்டி, நீரும் நிலமும் சேர்ந்த அழகான பெயர்க்காரணம் ஒன்றைக் கற்பித்து மகிழ்ந்திருந்தோம். உண்மை அத்தனை அழகானதன்று. 1847-இல் நீலகிரியை அளந்த சென்னைப் படைப் பொறியாளர் ஜேம்ஸ் அக்டர்லோனி என்பவரின் குடும்பப் பெயர் ஆங்கில எழுத்தில் ‘ஓ’ எனத் தொடங்கும். அக்குடும்பத்தார் காப்பி பயிரிட்ட பள்ளத்தாக்கு ‘அக்டர்லோனி வேலி’ ஆயிற்று. காலப்போக்கில் துரையின் பெயரில் முதலெழுத்து ஒன்றே எஞ்ச, ஓவேலி பிறந்தது. நில அளவையின் பெயரைத் தற்செயலாகப் பெற்றுவிட்ட இவ்வூரில், ஒரு காணி நிலத்தையும் தமதென்று சொல்ல இயலாதவர் பெருந்தொகையினர் என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்குச் சரிவுக்கு அடியில், நடுவட்டத்துக்குக் கீழே இருக்கிறது இப்பள்ளத்தாக்கு. இங்கே பெய்யும் மழை பாண்டியாறாகிப் புன்னம்புழையாகிச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. 1873 வரை இது மலபார் மாவட்டத்து ஏறநாடு வட்டத்தைச் சேர்ந்த பகுதி. கூடலூர் உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877-இல்தான் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. எனவே ஓவேலிக்கு அண்மைக் கடல் மேற்குக் கடலே. நிலம்பூர் வழியாக இறங்கினால் அரைநாளில் அலையில் கால் நனைக்கலாம். ஆயினும் நாம் இங்கே சொல்ல வந்த முதிய தம்பதியர் ஆண்டுதோறும் நாடிச் செல்வது அந்தக் கடலை அன்று. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு கடந்து இராமேசுவரத்துக்குச் செல்கிறார்கள்.

பெரியவர் ஒரு தனியார் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டியவர்; அம்மையார் அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இருவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓய்வு பெற்றனர். பொங்கல் முடிந்த வாரம், மருமகனின் பழைய சுற்றுலா வேன் அவர்கள் வாசலுக்கு வந்துவிடும். பின்னிருக்கைகள் இரண்டைக் கழற்றி, அங்கே ஒரு பலகைக் கட்டில். கட்டிலுக்கடியில் அரிசி, பருப்பு, வெங்காயம். சன்னலோரம் சிறிய கேஸ் அடுப்பு. கூரைமேல் தண்ணீர்க் குடமும் தார்ப்பாயும். தை அமாவாசை வரை, சில ஆண்டுகளில் அதற்கும் பின் ஓரிரு நாள், அவர்களுக்கு அதுவே வீடு. இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் கடலோரத் தென்னந்தோப்புகளில் வண்டியை நிறுத்திக்கொள்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களோடு நான்கு நாள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அந்நாட்களில் கேட்டவற்றையும், அதன் தூண்டுதலால் தேடிப் படித்தவற்றையும் கொண்டு எழுதப்படுவதே இக்கட்டுரை.

பருவத்துக்கேற்ப வீட்டை மாற்றும் வழக்கம் நீலகிரிக்குப் புதிதன்று. தோடர்கள் மழையற்ற முன்பனி மாதங்களில் தம் எருமைகளோடு ஈரம் மிகுந்த மேற்கோரப் புல்வெளிகளில் உள்ள மந்துகளுக்குப் பெயர்வதுண்டு. 1906-இல் தோடர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட ரிவர்ஸ் இப்பெயர்ச்சியைக் குறித்திருக்கிறார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடங்களில் வீடு, இரண்டும் அவர்களுடையவையே.

அடுத்து வந்த பெயர்ச்சி அரசாங்கத்தினுடையது. கோவை ஆட்சியர் ஜான் சலிவன் 1819-இல் மலையேறினார். 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்குள் சென்னை மாகாண ஆளுநரும் செயலகமும் கோடைதோறும் கோப்புப் பெட்டிகளோடு உதகைக்கு ஏறி, மழை முடிந்தபின் இறங்குவது நடைமுறையாயிற்று. 1877-இல் உதகையில் ஆளுநர் மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது. மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. பணி ஓய்வு பெற்ற வெள்ளை அதிகாரிகள் பலர் தாயகம் திரும்பாமல் குன்னூரிலும் உதகையிலும் தங்கிவிட்டனர். வெயிலுக்கு அஞ்சி மேலே ஏறிய இவர்களைப் பற்றி ஏட்டுச் செய்திகள் ஏராளம். குளிருக்கு அஞ்சிக் கீழே இறங்கியவர்களைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

அதற்குக் காரணம் உண்டு. காப்பிக் காட்டில் கார்த்திகை முதல் மாசி வரை பழம் பறிக்கும் காலம். குளிர்காலம் என்பது ஓவேலியில் ஓய்வுக் காலமன்று. ஆண்டின் மிகக் கடுமையான வேலைக்காலம். வயநாட்டுத் தோட்டங்களில் அந்நாளைய கூலிகள் ஊர் திரும்பியது குளிருக்காக அன்று. கோடையில் வரும் மலைக்காய்ச்சலுக்கு அஞ்சியே.

ஓய்வு பெற்றவர்கள் சக்கர வீட்டில் கடற்கரைக்குச் சென்று பனிக்காலம் கழிக்கும் வழக்கம் ஒரு சமூக நிகழ்வாக உருவானது அமெரிக்காவில். 1919-இல் ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரப் பூங்கா ஒன்றில், வடக்கிலிருந்து ஃபோர்டு கார்களிலும் கூடாரங்களிலும் வந்து தங்கியிருந்தவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். ‘தகர டப்பாப் பயணிகள்’ என்று அதற்குப் பெயர். வண்டியின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களது அடையாளம். அவர்களின் வழித்தோன்றல்களே இன்று கேரவன்களில் தெற்கு நோக்கிப் புறப்படும் ‘பனிப்பறவைகள்’. ஆஸ்திரேலியாவிலும் இத்தகையோர் உளர். அங்கே அவர்களை ‘நரைத்த நாடோடிகள்’ என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தவர் ஓராண்டில் 212 நாட்களுக்கு மேல் வெளியே தங்கினால் பொது மருத்துவக் காப்பு உரிமையை இழக்க நேரிடலாம்; ஆகவே அவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டே வெயில் காய்கிறார்கள். (இந்தியச் சாலையில் சக்கர வீடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ழூல் வெர்ன் 1880-இல் எழுதிய ‘நீராவி வீடு’ நாவல். அதில் ஓய்வு பெற்ற ஆங்கிலக் கர்னல் ஒருவர், நீராவி யானை இழுத்துச் செல்லும் வீட்டில் வட இந்தியாவைச் சுற்றுகிறார். ஓவேலிக்காரர்கள் யானையைப் பற்றி இவ்வளவு இன்பமாகக் கற்பனை செய்யமாட்டார்கள்.)

நம்மிடையே சக்கர வீடு இல்லையென்று சொல்வது சரியாகாது. மார்கழி, தை மாதங்களில் எந்த நெடுஞ்சாலையிலும் அதைக் காணலாம். கூரையில் அண்டாவும் விறகும் ஏற்றி, சமையற்காரரையும் உடனழைத்து, புளியமர நிழலில் உலைவைத்து, வேனிலும் வேனடியிலும் பாய்விரித்து உறங்கும் யாத்திரைக் குழுக்கள் தமிழகத்தின் பழைய காட்சி. ஓவேலித் தம்பதியரும் பார்வைக்கு அத்தகைய யாத்திரிகரே. இராமேசுவரத்தில் எவரும் அவர்களை வியப்போடு பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் கோயிலுக்குச் சென்றது, நாம் உடனிருந்த நான்கு நாட்களில் ஒருமுறைதான். மீதிப் பொழுதெல்லாம் உறவினரோடு பேச்சிலேயே கழிந்தது.

அவர்களுடைய உறவினர் ஏன் இராமேசுவரத்தில் கூட வேண்டும்? அதற்கு 1964-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கையில் நாடற்றோராய் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது 1974-இல். இத்தொகையில் மிகப் பெரும்பாலோர் கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில் காப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்தவர்களின் பேரப்பிள்ளைகள். தாம் போக விரும்புகிறோமா என்று அவர்களிடம் கேட்ட பிறகு எண்ணிக்கை முடிவு செய்யப்படவில்லை. எண்ணிக்கை முடிவான பிறகே அவர்களுக்கு விண்ணப்பப் படிவங்கள் வந்தன.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடி வரை சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் பயணிகளை அனுப்பியது. தோட்டத்துக்கு ஆள் போன அதே வழியில் ஆள் திரும்பிவர வேண்டிய வேளையில் வழியே இல்லாமற்போயிற்று. பின்னர் தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்தோடு நின்றுகொண்டது. 1984-இல் அதுவும் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியா வந்த இலட்சக்கணக்கானோருக்கு இராமேசுவரமே வாசல். மண்டபம் முகாமே திண்ணை. மண்டபம் முகாம் தொடக்கத்தில் இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த இடம் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பாட்டன் போகும்போது தங்கிய கொட்டகைக்கே பேரன் திரும்பிவந்து சேர்ந்தான்.

பெரியவர் வந்திறங்கியது 1975-இல். அப்போது வயது பதினான்கு. அம்மையார் அடுத்த ஆண்டு வந்தவர். முகாமில்தான் குடும்பங்கள் பிரிந்தன. யாருக்கு எங்கே வேலையென்பது ஒரு தாளில் எழுதித் தரப்பட்டது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் ‘டான்டீ’ என்னும் நிறுவனமாயிற்று. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் பலர் அங்கே அமர்த்தப்பட்டனர். வேறு சிலர் கேரளத்தில் புனலூரை ஒட்டிய ரப்பர்த் தோட்டங்களுக்கு. இன்னும் சிலர் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர்க் காடுகளுக்கு. அம்மையாரின் தமக்கை குடும்பம் புனலூருக்கும், பெரியவரின் சிற்றப்பா குடும்பம் சுள்ளியாவுக்கும் அனுப்பப்பட்டன. தமிழ் மலையிலிருந்து வந்த ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இன்று தமிழ், மலையாளம், கன்னடம் என மூன்று மொழிகளில் பள்ளிப்படிப்பு முடித்திருக்கிறார்கள். ஓய்வுக்குப் பின் இவர்களெல்லாம் ஓரிடத்தில் கூட நினைத்தபோது, எல்லோருக்கும் பொதுவான ஊர் எது என்ற கேள்வி எழுந்தது. ஓவேலி ஒருவருக்கு ஊர், மற்றவருக்குத் தொலைவு. நுவரெலியாவுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். எல்லோரும் அறிந்த இடம் வந்திறங்கிய கடற்கரை ஒன்றே.

“முகாம்ல இருந்தப்போ எப்படா இங்கேயிருந்து போவோம்னு இருந்துச்சு சார். இப்ப எப்படா வருவோம்னு இருக்கு” என்றார் அம்மையார், வேன் நிழலில் அமர்ந்து மீன் கழுவிக்கொண்டே. புனலூர் அக்கா குறுக்கிட்டு, “இவளுக்கு அப்பவே மீன்னா உயிர். அதுக்குத்தான் வர்றா” என்றார். இருவரும் எழுபதை நெருங்குகிறார்கள். சண்டையெல்லாம் பதின்வயதுச் சண்டை. மாலையில் ஆண்கள் பலகைக் கட்டிலை வெளியே இழுத்துப்போட்டுச் சீட்டாடினார்கள். சுள்ளியாவிலிருந்து வந்த தம்பி அடைக்காயும், ஓவேலி அண்ணன் குறுமிளகும், புனலூர்க்காரர்கள் நேந்திரங்காய் வறுவலும் கொண்டுவந்திருந்தனர். மூன்று வண்டிகள், இரண்டு தார்ப்பாய்கள், பதினேழு பேர். நாம் எடுத்துச் சென்ற புத்தகம் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

இலக்கணம் முன்பனியைக் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகச் சொல்லும். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாகச் சொல்லும். இவ்விரண்டையும் வகுப்பில் இருபதாண்டுகள் நடத்தியிருக்கிறோம். மலை மக்கள் முன்பனியில் நெய்தலுக்கு வந்து இரங்காமல் சிரிப்பார்களானால் அதற்கு எத்திணை என்று மாணவர் கேட்டால், திணைமயக்கம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதுதான்.

ஆயினும் அச்சிரிப்பினிடையே ஒன்றை நாம் கவனித்தோம். ஒவ்வொரு நாள் மாலையும் ஆறு மணிக்கு அம்மையார் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் ஓவேலிக்குத் தொலைபேசுவார். வீட்டில் விளக்கு எரிகிறதா, அடுத்த வீட்டார் திண்ணையில் வந்து படுக்கிறார்களா என்று கேட்பார். முதல் நாள் நமக்கு அது முதுமையின் பதற்றமாகவே தோன்றியது.

தோட்டத் தொழிலாளருக்குக் குடியிருப்பு அளிப்பது நிர்வாகத்தின் கடமையென 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இலங்கையில் லயம் என்றும் இங்கே பாடி என்றும் வழங்கும் வரிசை வீடுகள் அவை. கடமை தொழிலாளருக்கே, ஓய்வு பெற்றவருக்கன்று. பணிக்கொடை கையில் வந்ததும் சாவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் மட்டும் பாடி நிலைக்கும். எனவே பட்டம் படித்த பிள்ளையும் பெற்றோரின் கூரைக்காகக் கொழுந்துக் கூடையைத் தூக்கிய கதைகள் இப்பக்கத்தில் உண்டு. திருநெல்வேலி மாஞ்சோலையில் 2024-இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டு வீடுகளைக் காலி செய்யச் சொல்லப்பட்டபோது, தமிழகம் முழுவதும் இச்செய்தியைப் புதிதாகக் கேட்டது. ஓவேலியில் எவரும் அதைப் புதிதாகக் கேட்கவில்லை.

பாடியை விட்டு வெளியேறி ஒரு வீடு கட்டலாமென்றால், நிலம் யாருடையது? நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களையே தோட்டக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தனர். இவற்றை அரசுடைமையாக்கக் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1974-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரம்புக்குள் எண்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். அதே 1974-இல் முப்பத்து நான்காம் திருத்தத்தின் மூலம் இச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்கே, 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த ஐ.ஆர். கொயல்ஹோ வழக்கு. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உட்பட்டவையே என்றது அத்தீர்ப்பு. சட்டம் பயிலும் மாணவர் இந்தியாவெங்கும் இதை மனப்பாடம் செய்கின்றனர். இதன் வேர் கூடலூர் மலைச்சரிவில் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்!

வழக்கு வரலாறு படைத்தது. ஆனால் அச்சட்டத்தின் பதினேழாம் பிரிவில் அடங்கும் குத்தகை நிலங்கள் பல ஆயிரம் ஏக்கர், தோட்டமா காடா குடியிருப்பா என்ற வகைப்பாடு தீராமல் பல்லாண்டு கிடந்தன. கேரளத்திலிருந்து குடியேறியவர்களும், தாயகம் திரும்பியோரும், ஓய்வு பெற்ற தொழிலாளரும் வீடு கட்டிக்கொண்டது பெரும்பாலும் இத்தகைய நிலங்களில். “உங்க வீடு எங்கே?” என்று கேட்டால் ஊர்ப்பெயருக்கு அடுத்தபடியாக “செக்‌ஷன் பதினேழு” என்று சொல்வது இங்கே வழக்கம். பட்டா இல்லை, ஆகவே வங்கிக் கடன் இல்லை, மின் இணைப்புக்கே பல ஆண்டுப் போராட்டம். நம் தம்பதியரின் இரண்டறை வீடும் அவ்வாறு எழுந்ததே. இருவரின் பணிக்கொடையும் அதற்குள் இருக்கிறது. அவ்வீடு தமதென்று காட்ட அவர்களிடம் இருப்பவை வீட்டு வரி இரசீதும், குடும்ப அட்டையும், அதில் அவர்கள் தொடர்ந்து வசிக்கிறார்கள் என்னும் நடப்பும் மட்டுமே.

பனிப்பறவைகள் காப்புரிமைக்காக நாட்களை எண்ணுவதை மேலே சொன்னோம். இவர்களும் எண்ணுகிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்பது இவர்களே தமக்கு விதித்துக்கொண்ட எல்லை. பூட்டிய வீட்டை அளவெடுக்க வருபவர் எப்படி எழுதிக்கொள்வார் என்ற அச்சம் ஒன்று. மற்றொன்று யானை. அரிசி வாசம் பிடித்துச் சுவரை இடிக்கும் யானை பட்டா கேட்பதில்லை. ஆனால் இடிந்த வீட்டுக்கு இழப்பீடு கோரிப் போனால் அலுவலகத்தில் தாள் கேட்பார்கள். ஆகவேதான் வேனில் வரும்போது அரிசி மூட்டை முழுவதையும் எடுத்து வந்துவிடுகிறார்கள். முதல் நாள் நாம், இத்தனை அரிசி எதற்கென்று கேட்டு நகைத்தோம்.

“எங்க அம்மா கப்பல் ஏறும்போது லயத்துச் சாவிய முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வந்துட்டாங்க” என்று பெரியவர் ஓர் இரவு சொன்னார். “கங்காணிகிட்டக் கொடுக்கணும்னு தோணல. கடைசிவரைக்கும் இருந்துச்சு. எந்தக் கதவுக்கும் சேராத சாவி.” அவருடைய ஓவேலி வீட்டுச் சாவி வேனின் சாவிக்கொத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எல்லோருமாக அரிச்சல்முனைக்குச் சென்றோம். புயலுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சாலையற்றுக் கிடந்த இவ்விடத்துக்கு 2017-இல் தார்ச்சாலை வந்தது. சிதைந்த ரயில் நிலையத்தையும் தேவாலயத்தையும் குழந்தைகள் படம்பிடித்தனர். முதியவர்கள் கடலையே பார்த்து நின்றனர். தெளிவான நாளில் அக்கரை தெரியுமென்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அன்று மூட்டமாக இருந்தது. எனினும் நால்வர் நான்கு திசையில் கைநீட்டித் தலைமன்னாரைக் காட்டினார்கள். திரும்பும் வழியில் பாம்பனில் வண்டியை நிறுத்திப் பாலங்களைப் பார்த்தோம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் அருகே 1914-இன் பழைய பாலம் ஓய்வு பெற்று நின்றது. தாம் கடந்து வந்தது அதுதான் என்று பெரியவர் பேரனுக்குக் காட்டினார்.

நான்காம் நாள் மாலைத் தொலைபேசியில் செய்தி வேறாக இருந்தது. முந்தைய இரவு ஒற்றை யானை வந்து பின்புறத்து வாழைகளை முறித்திருக்கிறது, சமையலறைச் சுவரில் விரிசல், வேறு சேதமில்லை. தை அமாவாசைக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. புனலூர் அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மையார் எதுவும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். பெரியவர் கூரைமேல் ஏறித் தார்ப்பாயைச் சுருட்டினார். கருவாட்டுப் பொட்டலத்தைத் தங்கை மடியில் திணித்துவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். மறுநாள் நண்பகல் உதகையைத் தாண்டி நடுவட்டத்து வளைவுகளில் இறங்கும்போது, கீழே ஓவேலி முழுவதும் பனியில் மூடிக் கிடந்தது. தமது கூரை எந்தப் பக்கம் என்று அம்மையார் சன்னல் வழியே தேடிக்கொண்டே வந்தார்.